முப்பத்திரெண்டு அன்னாசிக் கண்

மலேசியாவுல எங்க குளுவாங் ஊர்ல மலர்னு கேட்டா நாலு மலர் வருவாங்க. "துணி பிரிக்கிற மலர்"னு கேட்டாத்தான் சரியான ஆளைக் காட்டுவாங்க. அவளுக்கு அப்படி ஒரு பழக்கம். கல்யாண வீட்டுக்குப் போனா பொண்ணு மூஞ்சியைப் பார்க்க மாட்டா, முந்தானையைத்தான் பார்ப்பா. பஸ்ல முன் சீட்டுல உக்காந்திருக்கிறவங்க சட்டைக் காலரை உத்து உத்துப் பார்த்துட்டு, "தப்பா நெனைக்காதீங்க, இந்த ஓரத்துல ஒரு நூல் தொங்குது, எடுத்துக்கட்டுமா?"ன்னு கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்ட நாளும் உண்டு. மானம் போகுதுன்னு அவ தங்கச்சி லோஷினி நாலு சீட்டு தள்ளிப் போய் உக்காந்துக்குவா.

மலருக்கு வயசு நாப்பத்தாறு. பத்தொன்பது வயசுல ஊருக்கு வெளிய இருக்கிற நெசவு ஃபேக்டரியில சேர்ந்தவ, இன்னைக்கு வரைக்கும் அங்கதான். திரைத்துணி, மெத்தை உறை, மேசை விரிப்புன்னு சிங்கப்பூர் ஓட்டல்களுக்குப் போற சரக்கு. ஆரம்பத்துல அவளுக்கு அறுந்த நூலை முடிச்சுப் போடுற வேலைதான். டிசைன் வேலையை யாரும் சொல்லிக் கொடுக்கல. கஸ்டமர் அனுப்புற துண்டுத் துணியை வேலை முடிஞ்சதும் குப்பையில போடுவாங்க. அதை எடுத்துட்டு வந்து, ஊசியும் பூதக்கண்ணாடியும் வச்சுக்கிட்டு, ஒவ்வொரு நூலா உருவிப் பார்ப்பா. எது மேல வருது, எது கீழ போகுது, எத்தனை நூலுக்கு அப்புறம் அதே வரிசை திரும்பவும் வருதுன்னு கட்டம் போட்ட நோட்டுல குறிப்பா. இப்படியே பத்து வருஷம் பிரிச்சுப் பிரிச்சு, புதுசாக் கட்டவும் கத்துக்கிட்டா.

பெரிய மந்திரம் ஒண்ணும் இல்ல. நீளவாக்குல போறது பாவு, குறுக்க ஓடுறது ஊடை. நோட்டுல ஒரு கட்டம்னா அது ரெண்டும் சந்திக்கிற ஒரு இடம். பாவு மேல வந்தா கறுப்பு பூசணும், ஊடை மேல வந்தா வெறுசா விடணும். பூவோ கோடோ யானையோ, எல்லாம் இந்தக் கறுப்புலயும் வெறுசுலயும்தான் வருது. இப்ப கம்ப்யூட்டர்ல வரையறாங்க, அதுலயும் இதே கட்டந்தான். மலர் மட்டும் முதல்ல நோட்டுல போட்டுப் பார்த்துட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தொடுவா. சாம்பிள் ரூமுக்கு அவதான் பொறுப்பு. சாவி எந்நேரமும் அவ கைப்பையில கிடக்கும்.

மத்த எல்லாத்துலயும் தங்கமான மனுஷி. கார்டு விஷயத்துல மட்டும் ராட்சசி. சாம்பிள் தறியில எந்தத் துண்டு நெய்ஞ்சாலும் ஒரு சின்ன அட்டையில டிசைன் நம்பர், நூல் எண்ணிக்கை, நெய்ஞ்சு முடிச்ச தேதி மூணையும் எழுதி ஓரத்துல தச்சுவிடணும். தேதியில ஒரு நாள் முன்னபின்ன இருந்தாலும் போச்சு, காய்ச்சி எடுத்துடுவா. ஆறு மாசம் கழிச்சு கஸ்டமர் கேக்கிறப்போ அந்த அட்டையை நம்பித்தான் மறுபடி நெய்யணும், அதுல பொய் எழுதுறதுக்கு வேலையை விட்டுட்டுப் போயிடலாம்பா.

மலருக்குப் பிள்ளை கிடையாது. புருஷன் தங்கராஜு செம்பனைக் குலை ஏத்துற லாரி ஓட்டினவரு. கல்யாணமாகி ஆறாவது வருஷம் லாரி கவுந்து போய்ச் சேர்ந்துட்டாரு. அம்மா அதுக்கு முன்னாடியே போயாச்சு. அதனால பதினேழு வயசு இளையவளான லோஷினிக்கு எல்லாமே அக்காதான். தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு விட்டது, ஜொகூர் பாருவுல காலேஜ் சேர்த்தது, பொந்தியான்காரப் பையன் தீபனுக்குக் கட்டிக் கொடுத்தது, எல்லாம் அவதான். தீபன் சிங்கப்பூர்ல வேலை பார்க்கிறான். தினமும் மோட்டர் சைக்கிள்ல பாலம் தாண்டிப் போயிட்டு வருவான். நல்ல பையன்.

லோஷினிக்கு அன்னாசின்னா உயிர். அன்னாசித் தோட்டத்துக்குப் பேர் போன பொந்தியானே மாமியார் ஊரா அமைஞ்சதுல அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனா வயித்துல பிள்ளை இருக்கிறப்போ அன்னாசி ஆகாதுன்னு நம்ம வீடுகள்ல கண்ணுலயே காட்ட மாட்டாங்களே. அவளும் வாயைக் கட்டிக்கிட்டுத்தான் இருந்தா. இருந்து என்ன புண்ணியம்? முதல் பிள்ளை மூணாம் மாசம் கலைஞ்சு போச்சு. அதுக்கு முந்தின வாரந்தான் தீபன் ஆசையா ஒரு குட்டிச் சட்டை வாங்கிட்டு வந்திருந்தான். ரெண்டாவது அஞ்சாம் மாசம். அப்ப தொட்டிலே வந்து இறங்கியிருந்துச்சு. பிறக்கிறதுக்கு முன்னாடி பிள்ளைக்குன்னு எதுவும் வாங்கக்கூடாதுன்னு ஊரே சொல்லும். இதுங்க படிச்சதுங்க, காதுல போட்டுக்கல. மூணாவது தடவை தங்கினப்போ லோஷினி ஆளே மாறிப் போயிட்டா. அக்கா கையைப் பிடிச்சு இழுத்துத் தன் வயித்து மேல வச்சா.

"பிள்ளை என் கைக்கு வர்ற வரைக்கும் அதுக்குன்னு ஒரு நூல் கூட இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாதுக்கா. சத்தியம் பண்ணு."

"சத்தியம்டி"ன்னா மலர்.

நூலையே தொட்டுப் பொழைக்கிறவகிட்ட கேக்கிற சத்தியமா இது? ஆனா தங்கச்சி கேட்டு அவ எதையும் இல்லேன்னு சொன்னதில்ல.

ஏழாம் மாசம் வளைகாப்பு வேணாம், கோயில்ல ஒரு அர்ச்சனை மட்டும் போதும்னு முடிவு பண்ணினாங்க. தீபனோட அம்மா கஸ்தூரி பொந்தியான்லேருந்து வந்திருந்தாங்க. குருக்கள் குங்குமம் கொடுத்ததும் தங்கச்சி நெத்தியில வைக்க மலர் கையை நீட்டினா. "நீ இரும்மா, நான் வச்சுவிடறேன்"னு கஸ்தூரி தட்டை வாங்கிக்கிட்டாங்க. குரல்ல ஒரு கோபமும் இல்ல, சிரிச்ச முகமாத்தான் சொன்னாங்க. புருஷன் இல்லாதவ, பிள்ளை பெறாதவ, அந்தக் கை எதுக்குன்னு அவங்க நெனப்பு. மலர் கையை இழுத்துக்கிட்டுத் தூண் பக்கம் போய் நின்னா. லோஷினி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டு இருந்தா, பார்க்கல.

பிப்ரவரி மாசம் லோஷினி பிரசவத்துக்குன்னு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தா. அதே சமயம் சீனப் பெருநாள் லீவு முடிஞ்சு ஃபேக்டரியில சாம்பிள் தறி சும்மா கிடந்துச்சு. ஏப்ரல் பாதிக்கு மேல பெரிய ஓட்டல் ஆர்டர் ஏறிடும், அப்புறம் வருஷக் கடைசி வரைக்கும் அந்தத் தறிகிட்டயே போக முடியாது. "மிச்ச நூல் கிடக்கு, உனக்கு ஏதாவது வேணும்னா போட்டுக்கோ"ன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. சொன்ன வாய் சும்மா சொல்லிட்டுப் போயிடுச்சு. மலருக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல.

மூணாம் நாள் நோட்டை எடுத்தா. சத்தியத்துக்கு அவ ஒரு சமாதானம் கண்டுபிடிச்சு வச்சிருந்தா பாருங்க, அதைச் சொல்லணும். தறியில கிடக்கிற வரைக்கும் அது துணி இல்லையாம். வெறும் நூலாம். கத்தரி வச்சு அறுத்து இறக்கினாத்தான் துணியாம். பிள்ளை பிறந்து கைக்கு வந்ததும் அறுத்துக்கலாம், அது வரைக்கும் சத்தியத்துக்கு ஒரு கீறலும் இல்லையாம். சாமிகிட்டயே வக்கீல் மாதிரி வாதாடுறதுக்கு இவளை விட்டா ஆள் கிடையாது.

டிசைன் என்னன்னா, அன்னாசிக் கண். தங்கச்சி வயித்துக்குள்ள போகக்கூடாததை அவ பிள்ளை மேல போத்திக்கட்டும்னு ஒரு குறும்பு. சாம்பிள் தறியில பாவு நூலைத் தூக்கி இறக்குற சட்டம் பதினாறு இருக்கு. பாவு நூலை ஒண்ணாம் சட்டத்துலேருந்து வரிசையாப் பதினாறு வரைக்கும் கோத்து ஏத்தி, அப்படியே பதினஞ்சு, பதினாலுன்னு இறக்கிக்கிட்டு வந்தா, நெய்யிறப்போ அந்த ஏத்தமும் இறக்கமும் சேர்ந்து சாய்சதுரமா விழும். முப்பது நூலுக்கு ஒரு கண். ரெண்டடி அகலத்துக்கு முப்பத்திரெண்டு கண். தொள்ளாயிரத்து அறுபது நூல். ஆனா அப்படி விட்டா வலது ஓரம் இடது ஓரம் மாதிரி முடியாது, அரைகுறையா நிக்கும். அதுக்காகக் கடைசியில ஒரே ஒரு நூல் கூட்டி, தொள்ளாயிரத்து அறுபத்தொண்ணு.

போட்டுப் பார்த்தா ஒரு சிக்கல். சாய்சதுரம் திரும்புற முனையில எல்லாம் நூல் அஞ்சாறு கட்டத்துக்கு மேல பிடிப்பே இல்லாமப் படுத்துக் கிடந்துச்சு. மேசை விரிப்புன்னா விட்டுடலாம். "பிஞ்சு விரல் உள்ள மாட்டிக்குமே"ன்னு சொல்லி, மூணு கட்டத்துக்கு மேல எந்த நூலும் கட்டில்லாம இருக்கக்கூடாதுன்னு வச்சுக்கிட்டா. ஒரு முனையில புள்ளி வச்சா இன்னொரு முனை கோணும். அழிப்பா, வைப்பா, மறுபடி அழிப்பா. இதுல இன்னொரு பேராசை வேற. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும், எந்தப் பக்கம் போத்தினாலும் பிள்ளைக்கு நல்ல பக்கமாவே இருக்கணும்னு கறுப்பையும் வெறுசையும் சரிசமமா நிறுத்தினா. ஒரு வாரம் ஆச்சு. அப்புறம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, கூட வேலை செய்யிற மலாய்க்காரம்மா கக் சல்மா (கக்னா அவங்க பேச்சுல அக்கா) எதிர்ப்பக்கம் உக்காந்து ஒவ்வொரு நூலா எடுத்துக் கொடுக்க, இவ கொக்கி போட்டு இழுத்துச் சட்டத்துல கோத்தா. வெள்ளைப் பாவு, இளமஞ்சள் ஊடை. மார்ச் மூணாம் தேதி மூணடி நீளத்தையும் நெய்ஞ்சு முடிச்சு, கார்டு எழுதி ஓரத்துல தச்சா. அறுக்கல.

"அலமாக், எவ்வளவு அழகு! அறுத்து எடு லா"ன்னா கக் சல்மா.

"இன்னும் பிள்ளை வரல கக்"ன்னு சொல்லி, மேல ஒரு பழைய துணியைப் போட்டு மூடிட்டு ரூமைப் பூட்டினா.

மார்ச் இருபத்தேழு காலையில லோஷினி கோப்பியைக் கையில வச்சுக்கிட்டு அசையாம உக்காந்திருந்தா. "அக்கா, நேத்து ராத்திரியிலேருந்து உள்ள ஆட்டமே இல்லக்கா"ன்னா. ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. கொடி சுத்திக்கிச்சு, யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாங்க. மறுநாள் மத்தியானம் பிறந்தான். ஆம்பளைப் பிள்ளை. தலை நிறைய முடி. மூச்சு மட்டும் இல்ல.

பத்து நிமிஷம் அவனைத் தங்கச்சி கையில கொடுத்தாங்க. இடது கையில வச்சுக்கிட்டு விரலை எண்ணிக்கிட்டே இருந்தா. சாயங்காலத்துக்குள்ள மயானத்துக்குக் கொண்டு போகணும்னு தீபனும் அவங்க ஆளுங்களும் வெளிய பேசிக்கிட்டு இருந்தாங்க. நர்ஸம்மா மெதுவா வந்து, "கைன் அடா, கக்?"ன்னு கேட்டாங்க. சுத்துறதுக்குத் துணி இருக்கான்னு.

லோஷினி தலையைத் தூக்கினா. "அக்கா, நம்ம துணி ஏதாவது இருக்கா? ஆஸ்பத்திரித் துணியில வேணாம்க்கா."

மணி ஒண்ணரை. ஃபேக்டரி பதினஞ்சு நிமிஷ தூரம். சாவி மடியில இருந்த கைப்பையில. போய் அறுத்து எடுத்துட்டு வர ஒரு மணி நேரம் கூட ஆகாது. மலர் வாயைத் திறந்தா. பக்கத்துலயே கஸ்தூரி நின்னாங்க. அந்தக் கோயில் தூண் ஞாபகம் வந்துச்சு. பிள்ளை பெறாதவ சத்தியத்தை மீறி முன்கூட்டியே நெய்ஞ்சு வச்சா, அதுவும் அன்னாசி, அதான் பிள்ளை தங்கலன்னு சொல்லிட்டாங்கன்னா? அவங்க சொல்றது கிடக்கட்டும், தங்கச்சியே அப்படி நெனைச்சிட்டா? உண்மையிலேயே அதனாலதானோன்னு அவளுக்கே ஒரு சந்தேகம்.

"ஒண்ணும் இல்லடி"ன்னா. அதோட நிறுத்தியிருக்கக் கூடாதா? பயத்துல வாய் நிக்கல. "நீதானே ஒரு நூல் கூட வரக்கூடாதுன்னு சத்தியம் வாங்கின."

அடிப்பாவி. அந்த நேரத்துல சொல்ற வார்த்தையா அது? லோஷினி பிள்ளையை நர்ஸ்கிட்ட கொடுத்துட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. ஆஸ்பத்திரியோட பச்சைத் துணியில சுத்தி, தீபன்தான் நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டுப் போனான்.

மறுநாள் விடிஞ்சதும் மலர் சாம்பிள் ரூமைத் திறந்து கத்தரியை எடுத்தா. அறுக்க ரெண்டு நிமிஷம் கூட ஆகல. மடிச்சு லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டுத் தரையில உக்காந்து, வாயில துப்பட்டாவை அடைச்சுக்கிட்டு அழுதா.

லோஷினி முப்பது நாள் இருந்துட்டு ஜொகூர் பாருவுக்குப் போயிட்டா. தினமும் போன் பண்ணுவா. பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் அங்கதான் போய் முடியும். "நான்தான்க்கா காரணம். என் பயத்துனால, என் சத்தியத்துனால, அவனுக்குன்னு போத்திக்க ஒரு துணி இல்லாமப் போச்சு. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நீ ஒண்ணு நெய்ஞ்சிருப்ப." மலர் போனைப் பிடிச்சுக்கிட்டு, "அப்படியெல்லாம் இல்லடி, மனசைப் போட்டு அலட்டாத"ம்பா. ஏழு மாசமும் இதே பேச்சு, இதே பதில். பஸ்ல காலரைப் பார்க்கிறதை விட்டுட்டா. நூல் தொங்கினாலும் கண்டுக்கிறதில்ல.

அக்டோபர் கடைசியில லோஷினி போன்ல கேட்டா. "அக்கா, அவன் ஞாபகமா என்கிட்ட ஒண்ணுமே இல்ல. அன்னைக்கு யாருக்கும் ஒரு போட்டோ எடுக்கக்கூடத் தோணல. அவனுக்குன்னு ஒரு சின்னப் போர்வை நெய்ஞ்சு குடேன். நான் வச்சுக்கறேன்."

மலர் கேட்டா. "என்ன டிசைன் போடட்டும்?"

"அன்னாசி போடு"ன்னு சொல்லி லோஷினி லேசாச் சிரிச்சா. ஏழு மாசத்துல முதல் சிரிப்பு. "இனிமே என்ன ஆகிடப் போகுது?"

கடவுளே, வேலை எவ்வளவு சுலபமா முடிஞ்சு போச்சு பாருங்க! லாக்கரைத் திறந்து எடுத்துக் கொடுத்தா தீர்ந்துச்சு. பழைய அட்டையைப் பிரிச்சுட்டுப் புது அட்டை தச்சாப் போதும். கக் சல்மாவும் அதைத்தான் சொன்னா. "தேதியை மாத்தி எழுதிக் குடு லா. அவளுக்கு எப்படித் தெரியும்? சந்தோஷப்படுவா, பாவம்." மலர் புது அட்டையில நவம்பர் ரெண்டுன்னு எழுதினா. பழைய அட்டையோட தையலைப் பிரிக்க ஊசி முனையை உள்ள விட்டா. எத்தனையோ ஆயிரம் துணியைப் பிரிச்ச கையால அந்த நாலு தையலைப் பிரிக்க முடியல. தங்கச்சிகிட்ட சொன்ன ஒரு பொய்யே ஏழு மாசமா உள்ள கிடந்து அறுக்குது, இன்னொண்ணை அவன் துணியிலயே தச்சு எப்படிக் கொடுப்பா? புது அட்டையை ரெண்டாக் கிழிச்சுப் போட்டா.

அந்த ஞாயித்துக்கிழமை காலையில பஸ் ஏறி ஜொகூர் பாருவுக்குப் போனா. தீபனுக்கு அன்னைக்கும் வேலை, லோஷினி மட்டும் வீட்டுல. பையிலேருந்து துணியை எடுத்ததும் லோஷினி ரெண்டு கையாலயும் வாங்கிக் கன்னத்துல வச்சுக்கிட்டா. திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கேக்கா."

"ஆமா."

விரலை வச்சு நெடுகத் தடவினா. "எங்கயும் மாட்டவே இல்ல."

"மாட்டாது."

ஓரத்துல அட்டை கைக்குத் தட்டுப்பட்டுச்சு. படிச்சா. "என்னக்கா நீ, தேதியைத் தப்பா எழுதியிருக்க? மார்ச் மூணுன்னு போட்டிருக்கு."

லோஷினி நிமிர்ந்து அக்கா முகத்தைப் பார்த்தா. தேதியை அவ அக்கா தப்பா எழுத மாட்டான்னு அவளுக்குத் தெரியாதா என்ன?

"அன்னைக்கு இது எங்க இருந்துச்சு?"

"தறியில. முடிச்சு வச்சிருந்தேன், அறுக்கல."

"சாவி?"

"என் பையிலதான் இருந்துச்சு."

அப்புறம் மலர் எல்லாத்தையும் கொட்டினா. கோயில், தூண், அன்னாசி, கஸ்தூரி பக்கத்துல நின்னது, பயந்தது, எல்லாத்தையும். "என் கை பட்டதாலதான்னு நீ நெனைச்சுடுவியோன்னு பயந்துட்டேன்டி. என்னை அடி, திட்டு, என்ன வேணா பண்ணு"ன்னு தங்கச்சி முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதா.

"நான்தான் காரணம், நான்தான் காரணம்னு தினமும் அழுதேனேக்கா"ன்னா லோஷினி. சத்தமே போடல. "நீ கேட்டுக்கிட்டே இருந்தியே."

மலர் பிடிச்சிருந்த முழங்காலை விட்டா.

லோஷினி துணியை மடியில விரிச்சா. இடது முழங்கையைக் குறுக்க வச்சா. பத்து நிமிஷம் அவன் கிடந்த கை அது, அளவு அதுக்குத்தான் தெரியும். கீழ்ப்பக்கத்தை மேல மடிச்சா, வலதை மடிச்சா, இடதை மடிச்சா, தலைப்பக்கம் கொஞ்சம் இழுத்துவிட்டா.

"சரியா இருந்திருக்கும்க்கா"ன்னா.

தீபன் வேலையிலேருந்து வர்ற வரைக்கும் அந்தக் கையை அவ எடுக்கல. மலரும் எழுந்து போகல.